டிக்கெட் வாங்கிப் போன அந்தோணியார்

என் அன்பு அப்பாவுக்கு,

காதர் மாமாவை நீங்கள்தான் கொஞ்சம் கண்டித்து வைக்க வேண்டும். நீங்கள் இருந்தவரை, அவர் அந்தோணியார் கதையைச் சொல்லும்போது அளவு மீறினால் பக்கத்திலிருந்து ஒரு இருமல் இருமுவீர்கள். அவரும் சட்டென்று கதையைத் தரைக்கு இறக்கிவிடுவார். இப்போது இருமுவதற்கு ஆள் இல்லை.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர் இங்கே ரங்கூனில், பசுந்தாங் சந்தை முனை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அந்தோணியாரை ஒரு முதலை முதுகில் சுமந்துபோய்க் கரை சேர்த்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் டீயை ஆறவிட்டுக் கேட்கிறார்கள். நான் அரிசி வரிசையில் நின்று திரும்பி வருகிற வழியில் இது காதில் விழுந்தது.

"மாமா, முதலை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆத்துலேருந்துதாம்மா. முதலை வேற எங்கேருந்து வரும்?" என்றார். என்னைத்தான் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவருக்குக் கப்பல் பேப்பர் வந்துவிட்டது, அப்பா. மழை ஓய்ந்ததும் மதராசுக்குப் போய், அங்கிருந்து நாகூருக்குப் போகிறார். ஊரில் போய் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த முதலைக்கு இறக்கையும் முளைத்துவிடும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். ஆனால் உங்களுக்கென்றே எழுதுகிறேன். ஏனென்றால் உங்களிடம் என்னால் கூட்டிச் சொல்ல முடியாது. நீங்கள்தான் கூடவே இருந்தீர்களே.

கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வருஷம் அது. காதர் மாமாவின் துணிக்கடையும் போயிருந்தது. ஆனாலும் கடை திறக்கிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, அத்தர் தடவிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அம்மா மேஜையில் விரித்திருக்கும் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இது ரெண்டு சலவை தாங்காதே" என்பார். நம் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. வாரத்துக்கு ஒரு குடும்பம் கப்பலேறியது.

நம் தெருச் சவேரியம்மா குடும்பம் கிளம்பும்போதுதான் அவர்கள் வீட்டு அந்தோணியார் சிலை நம் கைக்கு வந்தது. தேக்கு மரம், தோளளவு உயரம். எந்தக் காலத்திலோ ஒரு பர்மியத் தச்சர் செதுக்கியது. தனக்குத் தெரிந்த பர்மிய முகத்தைத்தான் அவர் செதுக்கியிருந்தார். போட்டாதாங் கப்பல் ஜெட்டியில் மூட்டை இறக்குகிற வாலிபன் ஒருவன் மொட்டையடித்து, அங்கி மாட்டி, கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறமாதிரி இருப்பார். கப்பலில் அவ்வளவு பெரிய சாமானை ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். சவேரியம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"ரைட்டரே, இவரை யாராவது பணக்காரர் வீட்டு ஹாலில அலங்காரத்துக்கு வெச்சுடாதீங்க. தமிழ் பேசறவங்க நடுவுல வைங்க. முகம் எப்படி இருந்தாலும் காது தமிழுக்குப் பழகின காது."

நீங்கள் கிடங்கில் கணக்கெழுதுகிற ரைட்டர். பொறுப்பென்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. பியாப்போனுக்கு அப்பால் மாதாக்குடி என்ற குக்கிராமம் இருப்பதையும், அங்கே நெல் விவசாயம் செய்யும் நம் ஆட்கள் கூரை வேய்ந்த கோயிலில் வெறும் சிலுவையை வைத்துக் கும்பிடுவதையும் எங்கிருந்தோ விசாரித்து அறிந்தீர்கள். ஜூன் மாதத் திருநாளுக்குள் அந்தோணியாரைக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டீர்கள். பர்மிய மொழி பேச நான், துணைக்குக் காதர் மாமா, தலைமைக்கு நீங்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினீர்கள்.

போட்டாதாங் ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கிறவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். போர்வையில் சுற்றி, முகம் மட்டும் தெரிய, அந்தோணியார் உங்கள் மேல் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இது சரக்கா, ஆளா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"சரக்குன்னு சொல்ல என் நாக்கு கூசும்னு சொல்லு," என்றீர்கள்.

அதை நான் பர்மிய மொழியில் சொன்னேன். "அப்ப ஆள். ஆளுக்கு டிக்கெட் எடுக்கணும்," என்றார் அவர். சரக்கென்றால் மூட்டைகளோடு அடியில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து நீங்களும் உடனே ஒப்புக்கொண்டீர்கள்.

"பேர்?"

"அந்தோணி."

அவர் 'கோ அந்தோணி' என்று எழுதிக்கொண்டார். வாலிபர்களுக்கு அப்படித்தானே போடுவார்கள்.

"வயசு?"

நீங்கள் பொய் சொல்லியிருக்கலாம். காதர் மாமா உங்கள் முழங்கையை இடித்து, "முப்பதுன்னு சொல்லிட்டுப் போங்க ரைட்டரே," என்றுகூடச் சொன்னார். நீங்கள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எழுநூறுக்கு மேல," என்றீர்கள். நான் அதையும் சொன்னேன். டிக்கெட்காரர் சிரிக்கவில்லை. 'கோ' என்பதை அடித்துவிட்டு, பெரியவர்களுக்குப் போடுகிற 'ஊ' போட்டு, ஊ அந்தோணி என்று திருத்தினார். டிக்கெட்டை நீட்டும்போது, "கைக்குழந்தைக்கு வேண்டாம்," என்றார்.

ஸ்டீமரின் மாடிப் படி குறுகலாக இருந்ததால் கீழ்த்தட்டில்தான் இடம் கிடைத்தது. மூங்கில் கூடைகளில் வாத்துகள், நாப்பி மீன் விழுதுக் குடங்கள், பாய் விரித்துப் படுத்த குடும்பங்கள். முன்பக்கம் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கம்பி குறுக்கே போட்டிருந்தது. அதில் அந்தோணியாரை நிற்கவைத்துக் கட்டினீர்கள். கிடங்கில் இத்தனை வருஷம் மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு. முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டீர்கள்.

"ரைட்டரே, நான் சிலையைத் தொட மாட்டேன், தப்பா நெனக்காதீங்க," என்றார் காதர் மாமா. "கயிறைப் பிடிக்கிறேன். கயிறு எல்லாருக்கும் பொது."

பக்கத்தில் பாய் விரித்திருந்த பர்மியப் பெண் அந்தோணியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கலான வெளிச்சம், போர்வை வேறு. காய்ச்சலில் கிடக்கிற ஆளென்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. சற்று நேரம் விசிறிவிட்டாள். பிறகு என்னிடம், "உன் அண்ணனா? இவ்வளவு ஆட்டத்திலும் ஒரு முனகல் இல்லை, பொறுமைசாலி," என்றாள். ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

துவாந்தேக் கால்வாய் தாண்டியதும் சின்னச் சின்னத் துறைகள். துறையென்றால் என்ன? சேற்றுக் கரையில் நாலு மூங்கில் நட்டிருக்கும், ஒரு மரம், அதன் கீழே டீக்கடை. ஸ்டீமர் மூக்கைக் கரையில் முட்டும். பலகை விழும். அது சரியாக விழுவதற்குள் தலையில் தட்டோடு பெண்கள் ஏறிவிடுவார்கள். ஒரு துறையில் அவித்த சோளம், அடுத்ததில் பொரித்த இறால், அதற்கடுத்ததில் மீன்சாறு ஊற்றிய மொகிங்கா. ஸ்டீமர் பின்வாங்கும் கடைசி நொடிவரை விற்பார்கள். பிறகு தண்ணீருக்கு மேல் தாவிக் கரையில் குதிப்பார்கள். ஒருத்திகூட விழவில்லை.

காதர் மாமா ஒவ்வொரு துறையிலும் பேரம் பேசினார், நினைவிருக்கிறதா? பாய்க்கு, மண்பானைக்கு, ஒரு துறையில் உயிருள்ள ஆமைக்குக்கூட. பாதி விலைக்கு இறக்கிவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, வாங்காமல் வந்துவிடுவார். "ஏன் காதர், அந்தப் பொம்பளை திட்டறாளே," என்றீர்கள். "கடை போயிடுச்சு ரைட்டரே. வாய் இருக்குல்ல, அது துருப்பிடிக்கக் கூடாது பாருங்க," என்றார். அப்போது சிரித்தோம்.

சைக்லாட்டுக்கு முந்திய ஒரு துறையில்தான் அது நடந்தது.

நீங்கள் கட்டிய அந்தக் கம்பி, அப்பா, கழற்றுகிற கம்பி. அதுவரை பலகையை மறுபக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் துறையில் கரை இந்தப் பக்கம் வந்துவிட்டது. மழை கொட்டுகிறது, பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிறது. கப்பலாள் ஒருவர் திரும்பிப் பாராமல் கம்பியைக் கொக்கியிலிருந்து உருவினார். நீங்கள் போட்ட முடிச்சுகளில் ஒன்றுகூட அவிழவில்லை. கம்பியும் போர்வையும் கைக்குழந்தையுமாக அந்தோணியார் அப்படியே தலைகுப்புற ஆற்றில் விழுந்தார்.

விசிறிவிட்ட பெண் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "நோயாளி விழுந்துட்டான்! நோயாளி விழுந்துட்டான்!"

மணி அடித்தார்கள். காற்றடைத்த வளையங்களை எறிந்தார்கள். இரண்டு பேர் தண்ணீரில் குதித்தேவிட்டார்கள். நீங்கள் விளிம்பில் மண்டியிட்டு, "அந்தோணியாரே! அந்தோணியாரே!" என்று கதறினீர்கள். காப்பாற்றச் சொல்லி அவரிடம் வேண்டுகிறீர்களா, விழுந்தவரின் பேரைச் சொல்லி அழுகிறீர்களா என்று யாருக்குப் புரியும்? எல்லாருமே உங்களுக்காக அழ ஆரம்பித்துவிட்டார்கள். மாடியிலிருந்த பிக்கு ஒருவர் இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் நின்று ஓத ஆரம்பித்தார்.

கப்பலோட்டும் சாரங்கு சிட்டகாங்காரர், நரைத்த தாடி. ஓடிவந்து, "செத்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"மரம்," என்றார் காதர் மாமா.

"என்ன?"

"மரச் சிலை, பாய். ஆனா டிக்கெட் வாங்கியிருக்கோம்."

சாரங்கின் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. தண்ணீரில் குதித்த இருவரும் நடுங்கிக்கொண்டே மேலே வந்தார்கள். கம்பி கயிற்றுக் கட்டிலிருந்து நழுவி மூழ்கிவிட்டது, சிலை எங்கேயும் தென்படவில்லை. பெட்டி படுக்கையோடு நம் மூவரையும் அந்தத் துறையிலேயே இறக்கிவிட்டு ஸ்டீமர் போய்விட்டது. அதில் சாரங்கைக் குறை சொல்ல முடியாது.

அங்கே டீக்கடைக் கூரைக்குக் கீழே, கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தீர்கள். உங்களை அப்படி நான் பார்த்ததில்லை. பாட்டன் சொத்தைத் தொலைத்தவர்போலக்கூட இல்லை. யாரோ நம்பிக் கொடுத்த பிள்ளையைத் தொலைத்தவர்போல இருந்தீர்கள். "சவேரியம்மாவுக்கு என்ன எழுதுவேன்?" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள்.

காதர் மாமா மெதுவாகக் கேட்டார். "ரைட்டரே, ஒரு சந்தேகம். உங்க ஆட்கள்ல ஏதாவது காணாமப் போனா யார்கிட்ட வேண்டுவீங்க?"

"அந்தோணியார்கிட்ட," என்றீர்கள்.

"அவரே காணாமப் போயிட்டா?"

உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று நினைத்துப் பயந்துபோனேன். சிரிப்பு, அப்பா. கண்ணீரும்தான். இரண்டையும் துடைத்துக்கொண்டு எழுந்து, "படகு ஒன்னு பிடி பிலோ," என்றீர்கள்.

சம்பான் ஓட்டியவள் டீக்கடைக்காரியின் தங்கை. இந்த நேரத்தில் கடல் ஏற்றம் உள்ளே வரும், ஆறு பின்னோக்கி ஓடும், விழுந்ததெல்லாம் ஓடை வழியாகத் தபியேகோன் ஊர்ப்பக்கம்தான் போகும், தன் செருப்புகூட ஒரு தடவை அங்கேதான் கிடைத்தது என்றாள். நாம் ஓடைக்குள் போனோம். நாணலிலும் அலையாத்தி வேரிலும் சிக்கியிருந்த ஒவ்வொரு கட்டையையும் பார்த்து நீங்கள் எழுந்து நின்றீர்கள். ஒவ்வொரு தடவையும் சம்பான் கவிழப் பார்த்தது.

தபியேகோனில் கரையேறியபோதே தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால், தாழ்வாரத்துப் பலகையில், பூப்போட்ட புது லோஞ்சிக் கைலி ஒன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு அந்தோணியார் நிற்கிறார். குளிப்பாட்டியிருந்தார்கள். இரண்டு கன்னத்திலும் தனாக்காப் பட்டையை அரைத்து வட்டமாகப் பூசியிருந்தார்கள். குழந்தைக்கும்தான். முன்னால் தேங்காயும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் இருந்தன.

எனக்கென்னவோ, முகம் தெளிந்து, சொந்த வீட்டுக்கு வந்துவிட்டவர்போலத்தான் தெரிந்தார். அதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை.

வீட்டுக்காரி டோ புவா. விதவை, ஐம்பது வயதிருக்கும். வாயில் பெரிய சுருட்டு, கை இரண்டும் உலக்கை மாதிரி. நாம் தேடி வந்ததைச் சொன்னதும் சுருட்டை எடுக்காமலே தலையாட்டினாள். முடியாது என்ற தலையாட்டல்.

அவளுடைய எருமை காணாமல்போய் ஊரே தேடிக்கொண்டிருந்ததாம். ஓடையில் யாரோ மனிதன் மிதந்து வருகிறானென்று இவள் இறங்கி ஓடியிருக்கிறாள். போய்ப் பார்த்தால் அந்தோணியார் நாணலில் சாய்ந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் சேற்றில் கழுத்துவரை அமிழ்ந்து எருமை படுத்திருக்கிறது.

"எருமையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவரை நான் எப்படி வெளியே அனுப்புவேன்?" என்றாள்.

இதை நான் தமிழில் சொன்னபோது நீங்கள் இருதலைக்கொள்ளி எறும்பானீர்கள். அது அந்தோணியார் செயலில்லை என்று சொல்ல உங்கள் விசுவாசம் இடம் கொடுக்கவில்லை. அவர் செயல்தான் என்றால் அவள் பக்கம் நியாயம் போய்விடுகிறது. "அது... அவர் வழக்கமாச் செய்யறதுதான்னு சொல்லு," என்றீர்கள் கடைசியில்.

"இவர் சாமியார்தானே? சாமியாருக்குக் குழந்தை ஏது?" என்று கேட்டாள் டோ புவா. கூட்டம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. அந்தக் குழந்தை அவருடையதல்ல, அது கடவுள், காட்சி கொடுத்தபோது கையில் வந்து அமர்ந்தது என்று விளக்கினீர்கள். என் பர்மிய மொழி அவ்வளவு தூரம் போகவில்லை. "வேறொருத்தர் பிள்ளை, பார்த்துக்கொள்கிறார்," என்று சொன்னேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவரை விடவே கூடாதென்ற முடிவு இன்னும் உறுதியாகிவிட்டது.

காதர் மாமா முன்னே வந்தார். துணிக்கடை நாற்காலியில் உட்கார்ந்தவர்போல முதுகு நிமிர்ந்தது. பேரம் தொடங்கியது. ஒரு புது விளக்கு, ரங்கூனிலிருந்து நல்ல குடை, பட்டு லோஞ்சி என்று அடுக்கிக்கொண்டே போனார். நீங்கள் இடையில் புகுந்து தடுத்தீர்கள். "காதர், நிறுத்து. புனிதரை விலைக்கு வாங்கக்கூடாது."

"வாங்கல ரைட்டரே, மீட்கிறோம்."

"அதுவும் கூடாது."

"கையைக் கட்டிப்போட்டுட்டு நீந்துன்னா எப்படி ரைட்டரே?" என்று காதர் மாமா ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு நீங்கள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, டோ புவாவின் தாழ்வாரத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். சவேரியம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். அவள் பிறந்தது இதே மண்ணில் என்பதை, கப்பலேறுகிற காலையில் சிலையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை, தமிழ் பேசுகிறவர்கள் நடுவில் வைக்கச் சொன்னதை எல்லாம் சொன்னீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தீர்கள். இது நீங்கள் கட்டளையிடுகிற பேச்சாக இல்லை.

டோ புவா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"எங்க ஊர்லயும் ஒரு இந்தியர் கடை வெச்சிருந்தார். வெற்றிலை, உப்பு, எண்ணெய். என் கல்யாணத்துக்குக் கண்ணாடி கொடுத்தார். போன வருஷம் போயிட்டார். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் வயல்ல இருந்தேன்." சுருட்டின் சாம்பலைத் தட்டினாள். "எல்லாரும் ஆத்தோட கீழே போறாங்க. இவர் ஒருத்தர்தான் மேலே வந்தார்."

எருமை எங்கோ கத்தியது.

"சரி," என்றாள் எழுந்துகொண்டே. "வீடு எப்படி இருக்குன்னு நான் வந்து பார்ப்பேன். நல்லா இருந்தா விட்டுட்டு வருவேன். இல்லேன்னா என்னோட திரும்பி வந்துடுவார்."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்களே, அப்படித்தான் கிளம்பினாள். மூன்றாம் நாள் காலை, ரங்கூன் போய்த் திரும்பி வந்த ஸ்டீமரில் அவள், அவளுடைய கூடை, பக்கத்தில் அந்தோணியார். அதே சாரங்கு. நம்மைக் கண்டதும் மேலேயிருந்து ஆளனுப்பி, அந்தோணியாரை மாடிக்கு ஏற்றி, தன் அறைச் சுவரோடு தானே நின்று கட்டவைத்தார்.

மாதாக்குடியில் மேளத்தோடு காத்திருந்தார்கள். முதலில் இறங்கியது டோ புவா. சுருட்டும் குடையுமாக அவள் வந்த தோரணையில், பெரிய இடத்துப் பிரதிநிதி என்று நினைத்து ஊர்ப் பெரியவர் அவள் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். அவள் அதை மறுக்கவில்லை. நேரே கோயிலுக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மழை மூன்று இடத்தில் ஒழுகியது.

"இங்கேயா நிக்கவைக்கப் போறீங்க? மரத்தால ஆனவர். ஊறிப்போவார்." நான் தமிழில் சொன்னேன். ஊர்ப் பெரியவர் திருநாள் முடிந்ததும் கூரை மாற்றுவதாகச் சொன்னார். "இப்ப," என்றாள். திருநாள் உடுப்போடு நாலு பேர் கூரையில் ஏறினார்கள்.

"யார் சமைச்சுப் போடுவாங்க?" புனிதருக்குச் சமைப்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தாள். ஊர்ப் பெரியவரின் மனைவி புத்திசாலி. ஓடிப்போய் மறித்து, "அவர் பேரைச் சொல்லி ஊருக்கே சமைக்கிறோம்மா, வந்து பாருங்க," என்று அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அண்டாவில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. டோ புவா ருசி பார்த்து, உப்பு போதாது என்று கையால் அள்ளிப் போட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பியாப்போனிலிருந்து வந்த சாமியார் சிலையை மந்திரித்து வைக்கும்போது கன்னத்துத் தனாக்காவைப் பார்த்துத் தயங்கினார். உங்களைப் பார்த்தார். நீங்கள் டோ புவாவைப் பார்த்தீர்கள். சாமியாரும் அவளைப் பார்த்துவிட்டு, தனாக்காவைத் துடைக்காமலே தீர்த்தம் தெளித்தார்.

கிளம்பும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "வருஷத்துக்கு ஒரு நாள் என் வீட்டுக்கு அனுப்பணும்." மாதாக்குடி ஊரே சம்மதித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் திருநாள் முடிந்த மூன்றாம் நாள், அந்தோணியார் சம்பானில் தபியேகோன் போய், ஒரு நாள் தாழ்வாரத்தில் நின்று, வாழைப்பழமும் தேங்காயும் ஏற்றுக்கொண்டு, புதிதாகத் தனாக்கா பூசிக்கொண்டு திரும்பி வருகிறார். ஒவ்வொரு வருஷமும் நீங்களும் கூடப் போனீர்கள். அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, கருவாட்டுக் கூடையோடு வருவீர்கள். இதில் முதலை எங்கேயாவது வருகிறதா, அப்பா?

இனி இங்கத்துச் செய்தி. தம்பி ஓடைக்கு அக்கரையில், தாகேதாவில் வீடு பார்த்திருக்கிறான். எங்களையும் அங்கே வரச் சொல்கிறான். நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் தமிழில் பேசினால் புரிந்துகொண்டு பர்மிய மொழியில் பதில் சொல்கிறார்கள். உங்கள் கோட்டை அம்மா வெயிலில் காயவைத்து மறுபடியும் அதே ஆணியில்தான் மாட்டுகிறாள். அதை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் ஸ்டீமரில் டோ புவாவிடமிருந்து கருவாட்டுக் கூடை வந்தது. கொண்டுவந்தவர், "ரைட்டர் இந்த வருஷம் எந்த ஸ்டீமர்ல வர்றார்னு கேட்டாங்க," என்றார். நீங்கள் போன செய்தி அவளுக்கு இன்னும் தெரியாது, அப்பா. அதை யாரோ ஒருவர் வாயில் சொல்லியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "திருநாளுக்கு வருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பசுந்தாங் ஓடையில் படகேறவே பயப்படுகிறவள். கருவாட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"வருஷா வருஷம் உங்கப்பாவுக்குக் கருவாடு அனுப்பறாளே, அவ யாருடி?"

எத்தனையோ தடவை சொன்ன கதைதான். மறுபடியும் முழுதும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நானும் வர்றேன்," என்றாள். காதர் மாமாவும் வருகிறார். கப்பலேறுவதற்கு முன்னால் அந்த வாழைப்பழத்தை ஒரு தடவை சாப்பிட்டுவிட வேண்டுமாம்.

ஆகவே, அப்பா, நான் வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவை ஸ்டீமரின் நடுவில், தண்ணீர் தெரியாத இடத்தில் உட்காரவைத்துப் பத்திரமாய்க் கூட்டிப்போவேன். தபியேகோனில் கரையிறங்கி, டோ புவா உங்களைத் தேடி எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதற்குள், செய்தியை நானே என் வாயால் சொல்வேன். இரண்டு பெண்களையும் அந்தத் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பேன். அம்மாவுக்குப் பர்மிய மொழி சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும், டோ புவாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. உங்களைப் பற்றி அவர்கள் என்ன பேச நினைத்தாலும், அது முடியும்வரை, எத்தனை நாளானாலும், நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மூத்த மகள்,
பிலோமினா,
பசுந்தாங்.